கவுண்டருக்கு இந்தப் பக்கம்: பொதுச்சேவை வேலையில் வெளியே தெரியாத மன அழுத்தம்

சாளரம் (இழையைத் தொடங்கியவர்)

பொதுமக்களை நேருக்கு நேர் பார்க்கிற வேலையில் இருப்பவர்கள் மனம் விட்டுப் பேசட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். நான் நலத்திட்ட அலுவலகம் ஒன்றில் கவுண்டரில் உட்காருகிறேன்.

வேலைப்பளுவைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். கூட்டம், நிலுவைக் கோப்பு, ஆள் பற்றாக்குறை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். யாரிடம் புலம்பினாலும் புரிந்துகொள்வார்கள். எனக்கு உள்ளே உறுத்துவது வேறு. நான் எடுக்காத முடிவை என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு வரும் கோபத்தையும் கண்ணீரையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முடிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுகிற அதிகாரம் எனக்குக் கிடையாது. நாளெல்லாம் இதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனால், "உட்கார்ந்த இடத்து வேலைதானே" என்பார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன். உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பெரியவர் வந்தார். பக்கவாதம் வந்து வலது கை சரியாக எழவில்லை. என் திரையில் அவருடைய பழைய கையெழுத்து இருக்கிறது. லேசான சாய்வு, கடைசி எழுத்தின் வால் நீளமாக இழுத்து, அவ்வளவு அழகு. தாளில் அவர் போட்டது ஒரு நடுங்கிய கோடு. பொருந்தவில்லை என்றால் மருத்துவரிடம் சான்று வாங்கி வரச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை போட்டார். கண்ணாடி வழியாகத் திரையை எட்டிப் பார்த்து, அந்த வாலை அப்படியே கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை.

எனக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். அவர் அவர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த டோக்கன் எண் ஒலித்தது. அடுத்தவருக்கு முந்தைய முகத்தைக் காட்டக் கூடாது இல்லையா, அதனால் முகத்தை மாற்றிக்கொண்டேன்.

உங்கள் வேலையில் இப்படி வெளியே தெரியாமல் அழுத்துவது எது?

இரவுப்பணி

நல்ல இழை அக்கா. நான் அவசர உதவி எண்ணில் அழைப்பு எடுப்பவன். எங்களுக்குக் கவுண்டர் கிடையாது, எல்லாம் காதோடு சரி.

எங்களை அரிப்பது முடிவு தெரியாமல் போவது. நள்ளிரவில் ஒரு பெண் கூப்பிடுகிறார், அப்பா மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அது போய்ச் சேரும்வரை அவர்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதால் நாங்களும் கூடவே வாய்விட்டு எண்ணுவோம். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவருக்கு மூச்சு வாங்குகிறது. அழுகிறார். "என்னால முடியலைங்க" என்கிறார். "இன்னும் கொஞ்சம்தாம்மா, விடாதீங்க" என்கிறேன். கதவு திறக்கிற சத்தம், பூட்ஸ் சத்தம், "நகருங்க" என்று ஒரு குரல். யாரோ போனை எடுத்து அணைக்கிறார்கள். அவ்வளவுதான்.

பிழைத்தாரா இல்லையா என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நோயாளி விவரம் ரகசியம் என்பதால் நாங்களாகவும் விசாரிக்க முடியாது. திரையில் அந்த அழைப்பு நிறம் மாறி, 'முடிந்தது' என்று ஆகிவிடும். அடுத்த அழைப்பு, பக்கத்து வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போடுகிறார்கள் என்ற புகார். அதையும் அதே மரியாதையோடு எடுக்க வேண்டும், அது அவருடைய உரிமை. ஆனால் என் வாய் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும்.

கெட்ட செய்தியாக இருந்தாலும் தெரிந்துவிட்டால் மனசு ஓரிடத்தில் உட்காரும். தெரியாதவரை அது நின்றுகொண்டே இருக்கிறது.

நேர்வழி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவன். இரவுப்பணி சொன்னதைக் கைகூப்பி ஏற்றுக்கொள்கிறேன். அலுவலக வேலை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

வேலை நிரந்தரம். மாதம் பிறந்தால் சம்பளம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் படுக்கப் போகிறவர்கள் வெளியே எத்தனை பேர்? என் தங்கையின் மாற்றுத்திறன் சான்றிதழுக்காக அலைந்தபோது, எதிரே இருந்த ஊழியர் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. "இந்தத் தாள் இல்லை, எடுத்துட்டு வாங்க" என்று மானிட்டரைப் பார்த்தே சொன்னார். அவருக்கு நாங்கள் அன்றைக்கு வந்த நூறு பேரில் ஒருவர். எங்களுக்கு அது ஒரு நாள் சம்பளம், வண்டி வாடகை, தங்கையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய முதுகுவலி. உங்களுக்கு அழுத்தம் இருக்கலாம். அதைக் கடைசியில் எங்கள் தலையில்தானே இறக்குகிறீர்கள்?

ஏட்டுச்சுவடி

நேர்வழி, உங்கள் கோபம் நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் 'நிரந்தர வேலைதானே' என்பதை எடுத்துக்கொள்வோம். நான் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வி என்னையும் ரொம்ப நாள் குடைந்ததால் தேடித் தேடிப் படித்தேன்.

1967-இல் லண்டனில் அரசு ஊழியர்களிடையே ஓர் ஆய்வு தொடங்கியது. அரசுத் துறைகள் இருக்கும் தெருவின் பெயரால் அதை வைட்ஹால் ஆய்வு என்பார்கள். சுமார் 18,000 ஆண் ஊழியர்கள். நிலையான வேலை, யாரும் பட்டினி இல்லை, சுரங்கமோ ரசாயன ஆலையோ கிடையாது. பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பது அன்றைய பொது நினைப்பு. வந்த கணக்கு நேர்மாறு. கடைநிலையில் இருந்த ஏவலர், வாயிற்காவலர் போன்றவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுவிலும் படிக்குப் படி வித்தியாசம்: ஒரு படி கீழே இறங்கினால் ஆபத்து ஒரு படி ஏறியது. புகைபிடிப்பது, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

ஏன் என்று பார்க்க 1985-இல் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கினார்கள். 10,308 பேர், இந்த முறை பெண்களும் உண்டு. என் வேலையை எப்படிச் செய்வது, எதை முதலில் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்ய எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த உரிமை குறைவாக இருந்தவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது. மேல் கீழ் இடைவெளியில் பெரிய பங்கை விளக்கியதும் அதுதான் என்று 1997-இல் எழுதினார்கள்.

அதற்கும் முன்னால், 1979-இல், ராபர்ட் கராசெக் என்பவர் இதையே வேறு விதமாகச் சொன்னார். வேலை கடுமையாக இருப்பது மட்டுமே ஆளை உடைப்பதில்லை. கடுமையான வேலையும் முடிவெடுக்கும் இடமின்மையும் சேர்கிற இடத்தில்தான் உடைகிறது. சாளரம், உங்கள் சத்தியத்துக்குக் கட்டம் இல்லை என்றீர்களே, அது அந்த இடம்.

ஆக நிரந்தர வேலை ஒரு பெரிய பயத்தைப் போக்குகிறது, அதில் சந்தேகமில்லை. அந்த ஒரு பயம் போனதாலேயே மற்றதும் சேர்ந்து போய்விடுவதில்லை. வைட்ஹாலில் இருந்தவர்களுக்கும் வேலை நிரந்தரம்தான்.

இனி அந்த நிமிராத தலை. மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் ஆசிரியர், போலீஸ்காரர், நலத்துறை ஊழியர் ஆகியோரைப் பார்த்து 1980-இல் எழுதியது இது. இவர்களிடம் நேரமும் வசதியும் எப்போதும் தேவையைவிடக் குறைவு. சேவையைக் கூட்டினால் கேட்டு வருகிறவர்களும் கூடுவார்கள், ஆகவே வரிசை தீரவே தீராது. தாக்குப்பிடிக்க ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்கிறார்கள். வருகிறவர்களை ரகம் பிரிப்பது, சுலபமான கோப்பை முதலில் முடிப்பது, கேள்வி வராதபடி முகத்தை மூடிக்கொள்வது. நேர்வழி, உங்கள் தங்கைக்குக் கிடைத்தது அந்த மூடிய முகம். நான் அதை நியாயப்படுத்தவில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

வெண்சுவர்

மூடிய முகம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பொது மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன்.

இசபெல் மென்சீஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களைக் கவனித்து 1960-இல் எழுதியதை எங்கள் பயிற்சியில் ஒரு ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். அங்கே நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். படுக்கை எண், அல்லது நோய், அல்லது கெட்டுப்போன உறுப்பு. 'பத்தாம் படுக்கை ஈரல்' என்கிற மாதிரி. வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து, யாரும் ஒரு நோயாளியோடு அதிக நேரம் இருக்காதபடி வைத்திருந்தார்கள். சாவையும் வலியையும் தினம் பார்க்கிற பதற்றத்தைத் தாங்க அந்த அமைப்பே இப்படி ஒரு கவசம் போட்டுக்கொண்டது என்றார் அவர். ஆனால் அந்தக் கவசம் பதற்றத்தைக் குறைக்கவில்லை, ஒத்திப்போட்டது. நோயாளி குணமாகிப் போவதைப் பார்க்கிற சந்தோஷத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது.

இது 60 வருடத்துக்கு முந்தைய கதை என்று நினைக்காதீர்கள். டூட்டி மாறும்போது நாங்களும் எண்ணைத்தான் சொல்கிறோம்.

என்னை அதிகம் வாட்டுவது வீட்டுக்கு அனுப்புகிற நேரம். வெளியே ஸ்ட்ரெச்சரில் ஆள் காத்திருக்கிறார், படுக்கை வேண்டும். உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் காயம் ஆறுகிறது, மருத்துவ ரீதியாகப் போகலாம். வீட்டில் அவரைத் தூக்கி உட்கார வைக்க யாரும் இல்லை என்பது அவருக்கு மூன்று நாளாகக் கட்டுப் போட்ட எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டை விளக்கிச் சொல்லும்போது அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். எதுவும் காதில் ஏறவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாதபடி நிறுவனம் கட்டிப்போடுகிற வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் 1984-இல் ஒரு பெயரே வைத்தார், அறத்துயர் என்று தமிழில் சொல்லலாம். அவர் அதை எழுதியதும் செவிலியர்களை வைத்துத்தான். களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் இருக்கும்.

நடுப்படி

எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் பிரிவுத் தலைவர். உங்களுக்கு மேலே, மேலிடத்துக்குக் கீழே. இங்கே யாரும் எங்களைப் பற்றிச் சொல்லவில்லை, பரவாயில்லை.

சாளரம் சொன்ன பெரியவர் விஷயத்தில் எனக்கும் மனசு வலிக்கிறது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அதிகாரம் கொடுங்கள் என்று இங்கே எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. விதி கடுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இறந்தவர் பேரில் வேறொருவர் பணம் வாங்கிய கோப்பை நான் பார்த்திருக்கிறேன். "எனக்குத் தெரிந்தவர்தான்" என்று ஒருவருக்குச் செய்தால், தெரியாதவர் என்ன ஆவார்? தெரிந்தவருக்கு ஒரு நியாயம், கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். கையூட்டு நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான்.

என் பக்கத்து அழுத்தத்தையும் சொல்கிறேன். மாத அறிக்கையில் நிலுவை எத்தனை, முடித்தது எத்தனை என்று கேட்பார்கள். நிராகரித்ததும் 'முடித்தது' கணக்கில்தான் சேரும். அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பியது என் அறிக்கையில் ஒரு வெற்றி. இதை எழுதும்போதே கை கூசுகிறது. தணிக்கையில், கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்துவிட்டால் மெமோ வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள். கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் விட்டதற்கு இதுவரை எந்த மெமோவும் வந்து நான் பார்த்ததில்லை. அப்படி இருக்கும்போது என் கீழே இருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்?

ஏட்டுச்சுவடி

நடுப்படி, உங்கள் கடைசிப் பத்தியை என் பழைய துறையில் எல்லோரும் படிக்க வேண்டும். நாங்கள் ஒரு பக்கத் தவறைத்தான் தேடினோம். தாளில் இருப்பதைத் தணிக்கை செய்யலாம், வராமலே போனவரை எப்படித் தணிக்கை செய்வது என்று கேட்போம். நிராகரித்த கோப்பில் மாதத்துக்குக் கொஞ்சத்தை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவில்லை.

சாளரம்

நடுப்படி சார், நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நான் தனியாக முடிவெடுக்கிற அதிகாரத்தைக் கேட்கவில்லை. அப்படிக் கொடுத்தால் பயமாகவும் இருக்கும். தெரிந்தவர்களெல்லாம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் கேட்பது, 'இந்த விதி இங்கே பொருந்தவில்லை' என்று எழுதி மேலே அனுப்ப ஒரு வழி. இரண்டு பேர் கையெழுத்து, காரணம் எழுத ஒரு கட்டம், இத்தனை நாளில் பதில் என்று ஒரு கெடு. முடிவு மேலே எடுக்கட்டும், மோசடி இருந்தால் அங்கேயே பிடிபடட்டும். அந்தப் பெரியவரிடம் "உங்கள் விஷயத்தை எழுதி அனுப்பியிருக்கேன், இன்ன தேதிக்குள் தெரியும்" என்று சொல்ல முடிந்திருந்தால், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நேர்வழி அண்ணா, உங்களுக்கும் ஒன்று. தங்கையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினீர்கள் என்று படித்ததும் எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் இல்லை. தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்கு எந்த விதியும் தடை போடவில்லை.

கரும்பலகை

பள்ளி ஆசிரியை. சுருக்கமாக. எங்களுக்கு வேலை நேரம் முடிவதே இல்லை. கடைத்தெருவில் பார்த்தால் அங்கேயே மதிப்பெண் பேச்சு. இரவு போனில் செய்தி, பதில் வரவில்லை என்றால் காலையில் புகார். ஒரு குழந்தை வீட்டில் அடி வாங்குகிறதோ என்று சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கும் யாரும் சொல்வதில்லை. இரவுப்பணி எழுதியதைப் படித்தபோது அந்தப் பிள்ளையின் காலி பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. வேறு பள்ளிக்கு மாறிவிட்டதாக ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

வாசற்படி

நான் எந்தப் பொதுச்சேவையிலும் இல்லை. என் கணவர் இருக்கிறார், சிறுவர் நல விசாரணைப் பிரிவில். இந்த வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

வந்ததும் பேச மாட்டார். கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். பல விஷயத்தைச் சொல்லவும் கூடாது, ரகசியம், அது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் நாளெல்லாம் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர், வீட்டில் பிள்ளை பாலைக் கொட்டிவிட்டால் வெடிக்கிறார். பிறகு தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். பொறுமையெல்லாம் வெளியாட்களுக்கே செலவாகிவிடுகிறது, எங்களுக்கு மிச்சம் வருவதில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

ஏட்டுச்சுவடி

அம்மா, நீங்கள் சொன்ன 'செலவாகிவிடுகிறது' என்பதை ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983-இல் இதைத்தான் காட்டினார். ஒரு வேலை நம் கையையும் மூளையையும் மட்டும் கேட்பதில்லை, இன்ன உணர்ச்சியைக் காட்டு, இன்னதை மறை என்றும் கேட்கிறது. அதுவும் உழைப்புதான், சம்பளப் பட்டியலில் வராத உழைப்பு. உள்ளே ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றைக் காட்டிக்கொண்டே இருப்பவர்கள் அதிகமாகச் சோர்ந்துபோகிறார்கள் என்று பின்னால் வந்த பல ஆய்வுகளிலும் தெரிந்தது.

இன்னொன்று. சபீன் சோனன்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளர் வேலைக்குப் பிறகு வேலை நினைப்பிலிருந்து மனம் விலகுவதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். உடம்பு வீட்டுக்கு வந்தால் போதாது, நினைப்பும் வந்தால்தான் ஓய்வு. இதில் கொடுமை, அழுத்தம் அதிகமாக இருக்கிற நாளில்தான் அந்த விலகல் அதிகம் தேவை, அந்த நாளில்தான் அது வராது. உங்கள் கணவரின் மௌனம் உங்கள் மேல் அக்கறை இல்லாததால் வருவது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

நெறியாளர்

நல்ல விவாதம், தொடருங்கள். அலுவலகத்தின் பெயர், ஊர், மனுதாரர் விவரம் எதுவும் வேண்டாம். ஒரு பின்னூட்டத்தில் ஒருவரின் பெயர் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். தூக்கமில்லாமல், வாழ்க்கையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போகிறவர்கள் இழையில் பதில் வரும்வரை காத்திருக்காமல் உடனே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

புதுவரவு

அடுத்த மாதம் கவுண்டர் வேலையில் சேரப் போகிறேன். தேர்வுக்குப் படித்தபோது விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள், இதை யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறேன். வேண்டாம் என்று நினைக்கவில்லை. முன்கூட்டியே என்ன பழக்கிக்கொள்ளலாம் என்று மூத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணி

தம்பி, பயப்படாமல் வாருங்கள். எங்கள் இடத்தில் எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன்.

மோசமான அழைப்பு முடிந்ததும் உடனே அடுத்ததை எடுக்காமல் எழுந்து வெளியே போக எங்களுக்குப் பத்து நிமிடம் அனுமதி உண்டு. போராடி வாங்கியது. முதலில் யாரும் அதை எடுக்கவில்லை, எடுத்தால் பலவீனம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். எங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளர் தானே ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி "நான் வெளியே போயிட்டு வர்றேன், அது குழந்தை அழைப்பு" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எடுக்க ஆரம்பித்தோம்.

இப்போது இன்னொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நோயாளியின் பேர், மருத்துவமனை எதுவும் வேண்டாம், மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தாரா என்ற ஒரு வார்த்தை மட்டும், விருப்பப்படுகிறவர்களுக்குத் திரும்பி வரட்டும் என்று. இன்னும் பதில் வரவில்லை.

ஏட்டுச்சுவடி

இதோடு ஒரு எச்சரிக்கை. கொடூரமான சம்பவம் நடந்ததும் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் இப்படி ஒரே ஒரு அமர்வில் கொட்டவைப்பது பிற்பாடு வரும் மனக்காய நோயை, அதாவது PTSD-யை, தடுப்பதாகத் தெரியவில்லை என்று, பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு 2002-இலேயே சொன்னது. கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதும் அதன் முடிவு. பேச விரும்பினால் ஆள் இருக்க வேண்டும், விரும்பாதவரை விட்டுவிட வேண்டும்.

இரவுப்பணிக்கு: நேரில் பார்க்காமல் காதால் கேட்டதற்கு இவ்வளவு பாதிப்பா என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையில், வேலை காரணமாகக் கொடூர விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாவதும் மனக்காய நோய்க்குக் காரணமாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

திட்டு, மிரட்டல், அடி ஆகியவற்றுக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் நிறைவேறி 2021 ஜூன் 25-இல் நடைமுறைக்கு வந்தது. பணியிட வன்முறையைப் பற்றியது. பொதுத்துறைக்கும் பொருந்தும். சக ஊழியர், மேலதிகாரி மட்டுமில்லாமல் வெளியாட்களால் வருவதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒப்புதல் அளித்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் "பொதுமக்கள் திட்டுவது வேலையில் ஒரு பகுதி" என்று சொல்லும் அதிகாரியிடம் காட்டுவதற்கு இது போதும்.

வெண்சுவர்

புதுவரவு, ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ஒருவரையாவது பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் டூட்டி மாற்றும்போது எண்ணோடு பேரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். வேதனை குறையவில்லை, சொல்லப்போனால் சிலநாள் கூடுகிறது. ஆனால் குணமாகிப் போகிறவர்களும் இப்போது என் கணக்கில் வருகிறார்கள்.

நடுப்படி

எந்த வாய்மொழி உத்தரவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "சார், சுற்றறிக்கை எண் கொடுங்க, பதிவேட்டில் எழுதிக்கிறேன்" என்று பணிவாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. எழுத்தில் இல்லாத முடிவின் சுமை முழுவதும் கவுண்டரில் இருப்பவர் மேல்தான் விழும்.

சாளரம் கேட்ட அந்தக் கட்டத்தைப் பற்றி யோசித்தேன். புதுப் படிவம் அச்சடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் குறிப்புரை எழுதிக் கோப்பை மேலே அனுப்ப எந்தப் பிரிவுத் தலைவருக்கும் அதிகாரம் உண்டு. என் பிரிவில், விதி பொருந்தவில்லை என்று ஊழியர் நினைக்கிற கோப்புகளை வெள்ளிக்கிழமைதோறும் என் மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். மெமோ வந்தால் எனக்கு வரட்டும்.

நேர்வழி

எல்லாவற்றையும் படித்தேன். என் தங்கைக்கு நடந்தது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் யாரிடம் கத்தினேனோ அவரிடம் மாற்றுகிற அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் எங்கள் பக்கம் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? கத்தாமல் இருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கத்தினால்தான் வேலை நடக்கிறது என்று பழக்கியதும் அதே அலுவலகங்கள்தான்.

சாளரம்

அண்ணா, நல்ல கேள்வி. முடியாது என்று சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்த விதிப்படி முடியாது என்று விதி எண்ணோடு. கொடுக்க மறுத்தால் நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் "இன்ன தேதியில் இன்ன விண்ணப்பம் இன்ன காரணம் சொல்லித் திருப்பப்பட்டது" என்று எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். என் பெயரையும் எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் புகார் அந்த விதியின் மேல் இருக்கட்டும். கவுண்டரில் கத்தியது எந்த அறிக்கையிலும் ஏறாது, நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதோடு சரி. முத்திரை விழுந்த தாளுக்கு யாராவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

நடுப்படி

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே விதி எண்ணைக் குறிப்பிட்டுப் பல மனு வந்தால் அவற்றை ஒன்றாகக் கட்டி மேலே அனுப்ப எங்களுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் "ஊழியர் சரியாக நடந்துகொள்ளவில்லை" என்று மட்டும் இருந்தால், விளக்கம் கேட்டுவிட்டு மூடிவிடுவார்கள், விதி அப்படியே இருக்கும். அதனால் விதி எண் கட்டாயம். தங்கையின் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை என்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள். எந்தப் பிரிவுக்கு, யார் பதவிக்கு முகவரியிட வேண்டும் என்று சொல்கிறேன்.

நேர்வழி

இன்னும் கிடைக்கவில்லை. அனுப்புகிறேன் சார்.